மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் உடற்பயிற்சி: தொடர என்ன செய்யலாம்?

மழைக்காலம் – கேள்வி

வணக்கம். உடற்பயிற்சியால் என்ன நன்மை என்ற விளக்கம் தேவையில்லை, அதில் சந்தேகமே கிடையாது. தொடர்ந்து செய்வதுதான் சிக்கல். ஆரம்பத்தில் வேகம் இருக்கிறது. மூன்றாவது வாரம் ஒரு நாள் விடுகிறது, அது இரண்டாகி, அப்புறம் மொத்தமாக நின்றுபோகிறது.

வயது 38. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. போட்டு வைத்திருக்கும் அட்டவணை வாரம் 6 நாள், தினமும் காலை ஒரு மணி நேரம்: அரை மணி ஓட்டம், மீதி அரை மணியில் தண்டால், பஸ்கி, பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்திப் பிடிப்பது).

அட்டவணையில் கோளாறா, மனதில் கோளாறா? 21 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் தானாகப் பழகிவிடும் என்கிறார்களே, சரியா? காலை நல்லதா, மாலை நல்லதா? விட்டுப்போன நாளை எப்படி ஈடுகட்டுவது?

"உங்களால் முடியும்" வகைப் பதில்கள் வேண்டாம். செய்முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தசைநார்

அட்டவணையில்தான் கோளாறு. மனதைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. ஓட்டம் கடுமையான கணக்கில் வரும். உங்கள் அட்டவணையில் ஓட்டம் மட்டுமே 180 நிமிடம். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் உடம்பை முதல் வாரமே அங்கே கொண்டு நிறுத்துகிறீர்கள்.

மூன்றாவது வாரத்தில் ஏன் உடைகிறது என்பதற்கும் காரணம் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. மூச்சு இடம் கொடுக்கிறது என்று ஓட்டத்தைக் கூட்டுவோம், முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை ஒட்டி வலிக்க ஆரம்பிக்கும். புதிய பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். வாரம் 6 நாள் என்றால், நேற்றைய வலி உச்சத்தில் இருக்கும்போது இன்றைய பயிற்சி வந்து நிற்கும். முதல் இரண்டு வாரம் உற்சாகம் இதையெல்லாம் மூடிவிடுகிறது.

இன்னொன்று, பலர் கண்டுகொள்ளாதது. பயிற்சி நடக்கும்போதே உடம்புக்கு எப்படி இருக்கிறது என்பது அடுத்த முறை கிளம்புவதைப் பாதிக்கிறது. பன்டெலெய்மன் எக்கெகாகிஸ் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் கட்டத்தைத் தாண்டினால் பெரும்பாலானவர்களுக்கு அந்த நேரம் வேதனையாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே இருந்தால் பலருக்கு இதமாகவே இருக்கும். சோதிக்க எளிய வழி: முழு வாக்கியமாகப் பேச வேண்டும், பாட வரக்கூடாது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் இருங்கள்.

நான் போடும் அட்டவணை இது.

1, 2-ஆம் வாரம்: வாரம் 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. 20 நிமிடம் வேக நடை, நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி. கைக்கடிகாரம் பார்த்து 15 வினாடிக்கு 25 அடி வருகிறதா என்று எண்ணினால் போதும். நடை முடிந்ததும் 2 செட்: நாற்காலியில் உட்கார்ந்து எழும் பஸ்கி 8, மேசை விளிம்பில் கை ஊன்றித் தண்டால் 6, பிளாங்க் 15 வினாடி. மேசை நகராதபடி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து அரை மணிக்குள் முடியும்.

3, 4-ஆம் வாரம்: நடை 25 நிமிடம். அதன் நடுவில் 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை என்று 5 சுற்று. செட் 2-லேயே இருக்கட்டும்.

5-ஆம் வாரம் முதல்: செட் 3 ஆகலாம். ஓட்டத்தை அடுத்த வாரம் கூட்டுங்கள், 2 நிமிடம் ஓட்டம் 2 நிமிடம் நடை என்று. ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டாதீர்கள். வலி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும், இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருக்கும்.

தண்டாலில் இன்னும் 2, 3 எடுக்கலாம் என்ற நிலையிலேயே செட்டை முடித்துவிடுங்கள். எல்லா செட்டிலும் 12 சுலபமாக வந்தால் கையை ஊன்றும் உயரத்தைக் குறைக்கலாம்: மேசை, பிறகு படிக்கட்டு, பிறகு தரை.

வலி பற்றி ஒரு வார்த்தை. இரண்டு காலிலும் ஒரே மாதிரி, தசை முழுக்கப் பரவிய மந்தமான வலி என்றால் கவலை இல்லை, லேசான நடையில் தணியும். ஒரு புள்ளியில் குத்துவது, வீக்கம், நடக்க நடக்கக் கூடுவது என்றால் நிறுத்துங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், இயல்புக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள். சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

---

சாவிக்கொத்து

தசைநார் சொன்ன அட்டவணை போதும். நான் அந்த 21 நாள் சமாச்சாரத்துக்கு வர்றேன்.

அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கிற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல எழுதினதுலேருந்து பரவினது. ஆபரேஷனுக்கு அப்புறம் தன்னோட புது முகத்துக்குப் பழகிக்க ஒருத்தருக்குக் குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு அவர் கவனிச்சிருந்தார். உடற்பயிற்சியை வெச்சு யாரும் அளந்தது இல்ல. போகப் போக "குறைஞ்சது"ங்கிற வார்த்தையும் காணாமப் போயிடுச்சு.

அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியோட குழு. 2010-ல அச்சான ஆய்வு. 96 பேர், 12 வாரம், தினமும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு அப்புறம் ஒரு புதுப் பழக்கம். யோசிக்காம தானா செய்யற நிலைக்கு வர நடுத்தரமா 66 நாள் ஆச்சு. ஆளுக்கு ஆள் வித்தியாசம் ரொம்பப் பெருசு, 18 நாள்லேருந்து கணக்குப்படி 254 நாள் வரைக்கும். தண்ணி குடிக்கிற மாதிரி சின்னப் பழக்கத்தைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் புடிச்சுது. நடுவுல ஒரு நாள் விட்டதால பழக்கம் கெட்டுப் போகலைங்கிறதும் அதுலயே இருக்கு.

உங்க மூணாவது வாரத்தை இதோட சேர்த்துப் பாருங்க. ஆரம்ப ஆர்வம் வடிஞ்சிருக்கும், பழக்கம் இன்னும் ஊன்றியிருக்காது. நடுவுல அஞ்சாறு வாரம் ரெண்டுமே இல்லாத காலம். அந்த அஞ்சாறு வாரத்தை எதை வெச்சுத் தள்றதுங்கிறதுதான் கேள்வி.

அதுக்கு ஒரு வழி, முடிவை முன்னாடியே எடுத்து வெச்சுக்கறது. "இது நடந்தா, இதைச் செய்வேன்"னு ஒரு வரி. பீட்டர் கோல்விட்சர்ங்கிற ஜெர்மன் உளவியலாளர் இதை நிறைய ஆராய்ஞ்சிருக்கார். பிரிட்டன்ல 2002-ல வந்த ஒரு ஆய்வு இதை நேரடியா உடற்பயிற்சில சோதிச்சுது. மாணவர்கள்ல ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியோட நன்மையைப் பத்திப் படிக்கக் கொடுத்தாங்க. இன்னொரு குழுவுக்கு அதோட, என்னிக்கு, எத்தனை மணிக்கு, எங்கேன்னு எழுதச் சொன்னாங்க. மூணாவது குழுவுக்கு ரெண்டும் இல்ல. ஒண்ணும் கொடுக்காத குழுவுல 38 சதவீதம் பேர் செஞ்சாங்க, நன்மையைப் படிச்ச குழுவுல 35, எழுதின குழுவுல 91. ஊக்கப் பேச்சு வேணாம்னு நீங்க சொன்னது நியாயம்தான். ஆனா அது ஒரே ஒரு வாரத்துக்கான அளவு, மாசக்கணக்குல இவ்வளவு வித்தியாசம் எதிர்பார்க்காதீங்க.

எழுதற விதம் முக்கியம். "காலைல வாக்கிங் போவேன்" வேலைக்கு ஆகாது. "திங்கள், புதன், வெள்ளி: பல் தேய்ச்சு முடிச்ச உடனே ஷூ போட்டு, தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வர்ற 20 நிமிஷ நடை." இதுல கவனிக்க வேண்டியது, கடிகாரத்தைப் புடிக்காம ஒரு வேலையைப் புடிச்சிருக்கோம். 6 மணிங்கிறது நம்மளைக் கேக்காம தாண்டிப் போயிடும், 6.20 ஆனா "இன்னிக்கு அவ்ளோதான்"னு தோணும். பல் தேய்க்கறது தாண்டிப் போகாது, எப்போ எழுந்தாலும் அதுக்கப்புறம் நடை. தேர்ந்தெடுக்கிற வேலை உங்க பயிற்சி நாள் அத்தனையிலும் கண்டிப்பா நடக்கறதா இருக்கணும். ஆபீஸ் போற வழியோட கட்டினா லீவு நாள்ல அறுந்துடும்.

ரெண்டாவது வரி தடங்கலுக்கு. "மழை பெஞ்சா, ஹால்ல செட் மட்டும் 10 நிமிஷம்." "ராத்திரி 12-க்கு மேல படுத்திருந்தா, காலைல விட்டுட்டு சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி நடை." இப்படி ரெண்டு மூணு போதும். பத்து எழுதினா ஒண்ணும் ஞாபகத்துல நிக்காது. இதுவரைக்கும் நின்னுபோனப்போ முதல்ல விட்ட அந்த ஒரு நாள் எதனால விட்டீங்கன்னு யோசிச்சு, அந்தக் காரணத்துக்கு முதல் வரி எழுதுங்க.

ஷூ, சாக்ஸ், உடுப்பு, தண்ணி பாட்டில் ராத்திரியே ஒரே இடத்துல இருக்கணும். காலைல ஒரு சாக்ஸ் தேடறதே விட்டுடறதுக்குப் போதுமான காரணம் ஆயிடும். போன்ல அலாரம் வெக்கறீங்கன்னா போனை எட்டாத தூரத்துல வைங்க. படுக்கைல கைக்கு எட்டினா அலாரத்தை நிறுத்தின விரல் அப்படியே வேற எதையாவது திறக்கும், நடைக்கான 20 நிமிஷம் அதுலயே போயிடும்.

---

நாடித்துடிப்பு

ஒரு மாற்றுக் கருத்து. வாரம் 3 நாள் என்பது உடம்புக்குச் சரி. பழக்கம் ஊன்றுவதற்கு தினமும் அதே நேரத்தில் ஏதோ ஒன்று நடப்பது மேல், ஏனென்றால் "இன்று உண்டா இல்லையா" என்ற கேள்வியே எழாது. அதனால் 3 நாள் முழுப் பயிற்சி, மற்ற 4 நாளும் அதே வேலைக்குப் பிறகு 10 நிமிடம் சாதாரண நடை. முன்பெல்லாம் தொடர்ந்து 10 நிமிடம் செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தது. 2020 வழிகாட்டுதல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. 5 நிமிடமானாலும் சேரும்.

காலையா, மாலையா: உங்களுக்குக் குறுக்கீடு குறைவான நேரம் எதுவோ அது. மாலை நெருங்கும்போது உடல் வெப்பம் சற்றுக் கூடியிருக்கும், தசைகள் இளகியிருக்கும், அதே ஓட்டம் கொஞ்சம் சுலபமாகத் தெரியும். காலையில் எழுந்த முதல் 15, 30 நிமிடம் மூளையும் உடம்பும் மந்தமாகவே இருக்கும், அதைச் சோம்பேறித்தனம் என்று எண்ண வேண்டாம். 5 முதல் 10 நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு வேகம் பிடியுங்கள். காலையின் பெரிய லாபம், அந்த நேரத்தில் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பதுதான். இரவில் செய்வதென்றால் கடுமையான பயிற்சியைப் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவாவது முடித்துவிடுங்கள். அதற்கு மேல் நெருங்கினால் சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும்.

விட்டுப்போன நாள்: ஈடுகட்டவே கூடாது. புதன் விட்டதை வெள்ளியோடு சேர்த்து இரட்டிப்பாகச் செய்தால் சனி, ஞாயிறு வலி, திங்கள் தயக்கம். விட்டது விட்டதுதான், அடுத்த நாள் அட்டவணையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே செய்யுங்கள். ஒரு நாள் விட்டதில் ஆபத்து இல்லை, அதைப் பார்த்து "கெட்டுப்போய்விட்டது, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பார்க்கலாம்" என்று முடிவெடுப்பதில்தான் இருக்கிறது.

இடைவெளி நீண்டுவிட்டால் ஒரு வாரம் வரை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு, மூன்று வாரம் என்றால் மூச்சுத் திறன் குறைய ஆரம்பித்திருக்கும், தசை வலு அவ்வளவாகக் குறைந்திருக்காது. முதல் வாரம் பாதி அளவு, அடுத்த வாரம் முக்கால், பிறகு பழைய அளவு. ஒரு மாதத்துக்கு மேல் ஆனால் முதல் வார அட்டவணைக்கே திரும்புங்கள்.

காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சில் சளி இருக்கும்போது முழு ஓய்வு. வெறும் மூக்கொழுகல் என்றால் லேசான நடை போகலாம்.

---

தசைநார்

தினமும் 10 நிமிட நடை என்பதில் எனக்கு மறுப்பில்லை, அது நடையாகவே இருக்கும் வரை. நான் பார்த்தவரை இந்த ஓய்வுநாள் நடைதான் முதலில் ஓட்டமாக மாறும். "உடம்பு நன்றாக இருக்கிறதே" என்று ஆரம்பித்து, மறுபடி வாரம் 6 நாள் ஓட்டத்தில் போய் நிற்கும். அந்த 4 நாளும் ஓடும் ஷூ இல்லாமல் சாதாரணச் செருப்பில் போனால் இந்த ஆசை வராது.

---

மழைக்காலம்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. பல் தேய்த்ததும் நடை என்று எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. காலை தவறி மாலைக்குத் தள்ளும் நாளில், வேலை முடிந்து உட்கார்ந்துவிட்டால் எழவே முடிவதில்லை. அது உண்மையான களைப்பா, வெறும் சலிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்து, எடை பார்க்கும் மெஷினில் முள் அசையாதபோது மனம் விட்டுப்போகிறது. எதை வைத்து முன்னேற்றத்தைப் பார்ப்பது?

---

சாவிக்கொத்து

உக்காராதீங்க, அதான் முதல் விஷயம். வீட்டுக்குள்ள நுழைஞ்சு சோபால சாய்ஞ்சா பாதி முடிஞ்சுது. பையை வெச்ச கையோட ஷூ மாத்துங்க. வீட்டுலேருந்தே வேலைன்னா, லேப்டாப்பை மூடின கையோட.

களைப்பான்னு உக்காந்த இடத்துலேருந்து கண்டுபுடிக்க முடியாது. கிளம்பி 10 நிமிஷம் மெதுவா நடங்க. நாள் முழுக்க உக்காந்து வேலை பார்த்த அலுப்பு பெரும்பாலும் இதுலயே கலைஞ்சுடும், மீதியை முடிங்க. 10 நிமிஷம் ஆகியும் கால் கனமா இருக்கு, வழக்கமான வேகத்துலயே படபடப்பு அதிகமா இருக்குன்னா திரும்பி வந்துடுங்க, அன்னிக்கு அது போதும், நோட்டுல டிக் போட்டுக்கலாம். தொடர்ந்து ஒரு வாரம் இப்படியே திரும்பினா முதல்ல தூக்கத்தைப் பாருங்க. 5 மணி நேரம் தூங்கிட்டு இந்த அட்டவணையை ஓட்ட முடியாது. தூக்கம் சரியா இருந்தும் களைப்பு போகலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும்.

சலிப்புன்னா வேற மருந்து. உங்களுக்கு ரொம்பப் புடிச்ச ஒலிப்புத்தகமோ தொடரோ ஒண்ணை எடுத்து, நடக்கும்போது மட்டும்தான் கேக்கறதுன்னு வெச்சுக்கங்க. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல கேட்டி மில்க்மன் குழு இதை சோதிச்சு 2014-ல வெளியிட்டாங்க. ஆர்வத்தைத் தூண்டற ஒலிப்புத்தகங்களை ஜிம்முல மட்டுமே கேக்க முடியும்னு வெச்சப்போ, ஆரம்பத்துல ஜிம்முக்கு வர்றது 51 சதவீதம் கூடுச்சு. ஆனா நடுவுல ஒரு விடுமுறை வந்ததும் அந்த லாபம் கரைஞ்சு போச்சு. அதனால ஊருக்குப் போய்ட்டு வந்த முதல் நாள் என்ன கேக்கப் போறோம்னு கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி போன்ல ஏத்தி வைங்க. வீட்டுல படுத்துக்கிட்டே மிச்சத்தைக் கேட்டுட்டா இது வேலை செய்யாது.

துணைக்கு ஒருத்தரைச் சேர்த்துக்கறீங்கன்னா, "அவர் வரலைன்னாலும் நான் போவேன்"னு முதல் நாளே பேசிடுங்க. இல்லைன்னா ரெண்டு பேரோட தடங்கலும் ஒரே கணக்குல சேரும்.

---

நாடித்துடிப்பு

எடை மெஷினை முதல் இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். உணவை மாற்றாமல் உடற்பயிற்சியால் மட்டும் குறையும் எடை கொஞ்சம்தான். புதிதாகத் தசைப் பயிற்சி ஆரம்பிக்கும்போது தசையில் நீர் தேங்குவதால் முதல் வாரங்களில் முள் சற்று ஏறவும் செய்யும். உழைப்பு ஒரு பக்கம், அளவுகோல் வேறு பக்கம் என்று இருந்தால் யாருக்கும் மனம் விட்டுப்போகும்.

பார்க்க வேண்டியவை வேறு. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன், மணிக்கட்டில் நாடியை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கி எழுதுங்கள். வாரம் ஒரு நாள், அதே கிழமை. இரண்டு, மூன்று மாதத்தில் பலருக்குச் சில துடிப்புகள் குறையும். மாதம் ஒருமுறை ஒரே பாதையில் 1 கிலோமீட்டர் வேக நடைக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள், வெயில் ஏறாத ஒரே நேரத்தில், ஏனென்றால் சூட்டில் அதே வேகத்துக்கே இதயம் அதிகம் துடிக்கும். தண்டால் எந்த உயரத்தில் எத்தனை என்பதும் ஒரு நல்ல கணக்கு, அது வாரத்துக்கு வாரம் நகரும்.

தினசரிக்கு ஒரு சுவர் நாட்காட்டியும் பேனாவும் போதும். முழுப் பயிற்சிக்கு ஒரு குறி, 10 நிமிட நடைக்கு வேறு குறி. கைக்கடிகாரச் செயலிகள் காட்டும் "தொடர்ந்து இத்தனை நாள்" எண்ணிக்கையை அணைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டால் அது பூஜ்யமாகிறது, அதைப் பார்ப்பவருக்கும் எல்லாம் போய்விட்டது போலத் தோன்றும். அதற்குப் பதில் மாதக் கடைசியில் குறிகளை எண்ணுங்கள். தினமும் 10,000 அடி என்ற இலக்கும் உங்களுக்குத் தேவையில்லை. அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். இப்போது எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு அதோடு 1,000 கூட்டுங்கள். நான்கு வாரம் அது நிலைத்தால் இன்னொரு 1,000.

மாதத்தில் 12 முழுப் பயிற்சி என்பது முழு மதிப்பு. 9 வந்தாலே அட்டவணையைத் தொட வேண்டாம். 6-க்குக் கீழே போனால் அதை ஒரு படி சுருக்கி, 20 நிமிடத்தை 12 ஆக்கி, அடுத்த மாதம் மறுபடி எண்ணிப் பாருங்கள்.